பதினாலாவது பெயர்

படித்து முடித்து ஆறு மாதம் கழிய, "இப்போது வேலை செய்கிறீர்களா?" என்று காலேஜிலிருந்து ஒரு ஃபோன் வருமே, அதை நீங்கள் எடுத்துப் பேசியிருக்கிறீர்களா?

அனேகம் பேர் எடுப்பதில்லை. எனக்குத் தெரியும். போன டிசம்பரில் அந்த ஃபோனை அடித்தவளே நான்தான்.

மூன்று மாத வேலை. மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து ஹெட்செற்றை மாட்டினால், மத்தியானம் வரை ஒரே கேள்விதான்.

எனக்குக் கிடைத்த லிஸ்ற்றோ, நான் படித்த வகுப்பேதான். ஓபிஸ் அட்மின். இருபது பேர் முடித்திருந்தோம். என் பெயருக்கு நேரே நானே 'வேலை செய்கிறார்' என்று போட்டுக்கொண்டேன். அதில் ஒரு புளுகம், தனிச் சந்தோஷம்.

பொறுப்பாளர் கரோலின் முதல் நாளே சொல்லிவிட்டா.

"இருபதிலை பதினாலு பேராவது வேலையிலை இருக்கவேணும் கௌசி. இல்லாட்டி வாற செப்ரெம்பர் இந்த வகுப்புக்கு ஆள் எடுக்கமாட்டினம்."

ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்ட என் போன்றவர்களைத் திரும்பப் படிக்கும் வாங்கில் இருத்திய வகுப்பு அது. என் மச்சாள்கூட அடுத்த வருடம் சேர என்று ஃபோம் நிரப்பி வைத்திருந்தாள்.

ஒவ்வொரு நம்பராக அடிக்க அடிக்க, அந்த நாட்கள்தான் கண்ணுக்குள் வந்தன. மைக்ரோவேவுக்கு முன்னால் நிற்கும் வரிசை. மணத்தை வைத்தே யாருடைய மீன்குழம்பு என்று சொல்லிவிடும் செலீன். ரைப்பிங் பரீட்சைக்கு நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, விரல் நோகுது என்று அழுத மயூரி.

"ஃபுல் ரைம் அடி! பல்லு டொக்ரரின்ரை ஓபிசிலை!" என்று ஃபோனில் கத்தினாள் கூடப் படித்த நிரோஷினி. மயூரிக்கும் செலீனுக்கும்கூட வேலை. நானும் சேர்ந்து கத்தியதில் பக்கத்துக் கதிரை சிவானி திரும்பிப் பார்த்தாள். இங்கே கனடாவில் பிறந்த பிள்ளை.

"அக்கா, திஸ் இஸ் எ சேர்வே. பார்ட்டி இல்லை."

பத்தொன்பது பேர் முடிந்தது. வேலையில் பதின்மூன்று பேர். மிச்சம் ஒரே ஒரு பெயர். மங்கையற்கரசி.

மங்கை அக்காதான் வகுப்பில் முதல். நாங்கள் ஒரு கடிதம் அடிப்பதற்குள் மூன்று அடித்துவிட்டு, எங்கள் பிழையையும் திருத்தித் தருவா. எங்களுக்கு வேலை கிடைக்காவிட்டாலும் அக்காவைக் கொத்திக்கொண்டு போவார்கள் என்று பேசிக்கொள்வோம்.

ஆனால் றிச்மண்ட் ஹில் கோயிலில் நான் கேட்ட கதை வேறு. "மெடலும் வாங்கிப்போட்டு வீட்டிலை சும்மா குந்திக்கொண்டிருக்கிறா." எனக்கும் உள்ளுக்குள் கோபம்தான்.

அக்கா ஃபோனை எடுத்தா.

"அக்கா, கௌசி கதைக்கிறன். காலேஜிலையிருந்து."

"என்னடி, தந்த மெடலைத் திருப்பிக் கேக்கிறாங்களோ?"

"இல்லை அக்கா. இப்ப வேலை செய்யிறியளோ?"

"இல்லைப் பிள்ளை."

"ஒண்டுமே இல்லையோ?"

"ஒண்டும் இல்லை."

"டொப் ஸ்ருடன்ற், நோ ஜொப்?" என்று, என் வாயால் அக்காவின் புகழைக் கேட்டிருந்த சிவானி உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களே இப்பிடி இருந்தா என்னண்டு அக்கா? உங்கடை ஒரு பதிலிலைதான் வகுப்பே நிக்குது. ஒரு ஆள் குறைஞ்சாலும் மூடிப்போடுவினம்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீரிட்டது. அதற்குப் போட்டியாக இன்னொன்று. அக்காவின் பிள்ளைகளோ யூனிவேர்சிற்றியில்.

"உது ஆற்றை பிள்ளையள் அக்கா?"

"கத்துறது நிரோஷினியின்ரை. கூடக் கத்துறது மயூரியின்ரை. செலீன்ரை பெட்டை நித்திரை. டேகெயாரிலை இடம் கிடைக்கேல்லை எண்டு அழுதாளவை. விடிய ஆறரைக்குக் கொண்டந்து விட்டால், பின்னேரம் ஆறு மணிக்குத்தான் வருவாளவை."

"ஏதும் தாறவையோ?"

"வேண்டாமெண்டாலும் மேசையிலை வைச்சிட்டு ஓடுறாளவை."

"அப்ப அது வேலை அக்கா! சொந்தத் தொழில், முழு நேரம். அப்பிடித்தான் போடப்போறன்."

"போடி விசரி. அவருக்கு ஒப்பரேசன் நடந்த நேரம் நான் படிப்பை விட்டிட்டனெல்லே. உவளவை மூண்டு பேரும்தான் முறை வைச்சு டோர்செட் பார்க்கிலை எங்கடை வீட்டை வந்து, நோட்ஸும் தந்து, என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டு போய் வகுப்பிலை இருத்தினவளவை. உது போய் வேலையே?"

நான் 'வேலை செய்கிறார்' பெட்டியில் புள்ளடி போட்டேன். பதினாலு! கரோலினுக்கு விரலைத் தூக்கிக் காட்டினேன். மச்சாளுக்கு இனி வகுப்பு உண்டு.

"கடைசிக் கேள்வி அக்கா. இந்த ஆறு மாதத்திலை வேறை ஆரும் வேலைக்குக் கூப்பிட்டவையோ?"



"உதுக்குக் கட்டாயம் பதில் சொல்லவேணுமோ?"

"ஓம் அக்கா. ஃபோமிலை இருக்கு."

"மிசிசாகாவிலை ஒரு கொம்பனி. ஓகஸ்ற்றிலை கூப்பிட்டவை. நல்ல சம்பளம். யன்னலோரமா மேசை. இருந்துகூடப் பாத்தனான்."

"பிறகு ஏனக்கா போகேல்லை?"

"போயிருந்தால் உன்ரை கணக்கிலை நான் ஒருத்தி கூடி, மூண்டு பேர் குறைஞ்சிருப்பினம்."

நான் லிஸ்ற்றில் அந்த மூன்று பெயர்களையும் திரும்பப் பார்த்தேன். சிவானி ஹெட்செற்றைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஃபோமிலை வேணுமெண்டா எழுது பிள்ளை," என்றா அக்கா மெல்லமாக. "அவளவைக்கு மட்டும் சொல்லிப்போடாதை."