சைக்கிள் ஸ்டாண்ட்

இரண்டு மணிக்கென்று போட்ட விழா நாலு மணிக்குத் தொடங்கியது. ஸ்டோவ்னர் மண்டபத்தின் கடைசி வரிசையில், குளிர் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் சிவானந்தன் உட்கார்ந்திருந்தான்.

மேடையில் ஸ்ரனிஸ்லாஸ். பாரிஸிலிருந்து வந்த பிரதம விருந்தினர். பிரெஞ்சு நாடக, திரைப்பட நடிகர். உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். துணிக்கடைப் பொம்மைபோல நின்று, வியர்த்துக்கொண்டு சிரித்தான்.

சிவானந்தனோடு படித்தபோது பள்ளிக்கூட நாடகத்தில் ஈட்டி பிடித்து நின்றவன். இருந்த ஒரே வசனத்தையும் மறந்தவன்.

இன்று எல்லோர் முன்னாலும் அவனைக் கள்ளன் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் சிவானந்தன் வேலைக்கு லீவு போட்டு வந்திருந்தான்.

திரையில் ஸ்ரனிஸ்லாஸின் முப்பது வருடம் ஓடியது. மேடை நாடகங்களில் தட்டேந்தி வரும் வேலைக்காரன். படங்களில் ரோஜாப்பூ விற்பவன். கோப்பை கழுவுபவன். பிணம். மறுபடி ரோஜாப்பூ.

"எல்லாத்திலையும் சாகிறார் அண்ணை," பக்கத்திலிருந்தவர் ரோல்ஸைக் கடித்தபடி சொன்னார். "பொன்னாடையை விட்டிட்டு மலர்வளையம் வைச்சிருக்கலாம்."

சிவானந்தன் சிரிக்கவில்லை.

அந்தக் காட்சி வந்தது. விருது வாங்கிக்கொடுத்த காட்சி.

சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகிறவன். எங்கிருந்தோ ஒரு துவக்கு வெடி, நெஞ்சில் படுகிறது. இறங்குகிறான். வலது காலால் ஸ்டாண்டைத் தட்டுகிறான். சைக்கிள் சரியாமல் நிற்குமா என்று ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறான். அதற்குப் பிறகுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் குந்துகிறான்.

மண்டபம் கைதட்டியது. இப்படிச் சாக எப்படித் தோன்றியது என்று அறிவிப்பாளர் மயூரா கேட்டாள்.

"அது என்ரை சொந்தக் கற்பனைதான், தங்கச்சி."

சொந்தக் கற்பனை.

அன்று ஊர்ச் சந்தியில் அது உண்மையாகவே நடந்தபோது மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் ஸ்ரனிஸ்லாஸ். மற்றவன் சிவானந்தன். சைக்கிள் அப்பாவுடையது. ஒரு கீறல் விழுந்தாலும் அடி விழும். குண்டு பட்ட பிறகும் சிவானந்தனின் தம்பிக்கு அந்தப் பயம் போகவில்லை.

சிவானந்தன் எழுந்து கையை நீட்டினான். ஒலிவாங்கி வரிசை வரிசையாகக் கைமாறி வந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் அவனை அடையாளம் கண்டுகொண்டான். ஒரு பொன்னாடை நழுவி விழுந்தது. அவன் குனியவில்லை.

சொல்ல வந்த சொல் நாக்கு நுனியில் நின்றது. முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இடம்பெயர்ந்தபோது வீடு எரிந்தது. தம்பியின் ஒரு படம்கூட மிஞ்சவில்லை.

"அந்தச் சைக்கிள் காட்சியை," என்றான் சிவானந்தன், "இன்னொருக்காப் போடுங்கோ."