மூன்றாவது தகடு

அப்பா குறி தவற வேண்டும் என்று மார்னி மனதார வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு குண்டு தப்பினால் போதும், பிக்கப் வண்டியின் சாவி அவள் கைக்கு வந்துவிடும்.

அப்பா ஆர்லோவோ எழுபத்தொன்பது வயதுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் புல்லில் விரித்த பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, முயல் சுடும் சின்னத் துப்பாக்கியால் ஐம்பது கஜத்தில் தொங்கிய எஃகுத் தகட்டை ஒரே குண்டில் ஆட்டிவைத்தார். ணங்கென்று கேட்டது. கேட்டது மார்னிக்குத்தான், அவருக்குக் காது போய் வருஷக்கணக்காகிறது.

மார்னி அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒரு தட்டு என்றால் பட்டது, இரண்டு தட்டு என்றால் தப்பியது. தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான், ஆகவே அவள் தட்டுவதுதான் தீர்ப்பு.

"பாத்தியா என் கண்ண? வண்டி ஓட்டக் காது எதுக்குங்கறேன்?"

மார்னி குனிந்து அவர் காதருகே கத்தினாள். "ரயில் வர்றது தெரியறதுக்கு."

போன மாதம், கேட் இல்லாத ரயில் பாதையை அவர் கடந்தபோது, சரக்கு ரயில் ஒன்று வண்டியின் பின்பக்கத்தை மயிரிழையில் விட்டுவைத்துப் போனது. அன்றிலிருந்து சாவியைக் கேட்டுக் கேட்டு மார்னிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பிடித்த பிடியை விடாத மனிதர், கடைசியில் தானே பந்தயம் கட்டினார். மூன்று துப்பாக்கி, மூன்று தகடு. ஒன்று தப்பினாலும் சாவி அவளுக்கு. மூன்றும் பட்டுவிட்டால் அந்தப் பேச்சையே இனி எடுக்கக்கூடாது.

அடுத்தது, மாட்டுக்காரர்கள் சேணத்தில் செருகிவைக்கும் குட்டையான லீவர் துப்பாக்கி. இருநூறு கஜம், வெறும் கண். மார்னி தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்பினாள். தகடு சங்கிலியோடு சுழன்று ஆடியது. வேறு வழியில்லாமல் ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்னம்மா, தட்டுல சுரத்தே இல்ல?"

மீதியிருப்பது அறுநூறு கஜத் தகடு. மான் வேட்டைத் துப்பாக்கியும் அந்தத் தூரமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாண்டானா மாநிலத்தில் காற்று ஓய்ந்திருக்கும் நேரம் அபூர்வம். இன்று காற்றும் ஓய்ந்து அவர் பக்கம் சேர்ந்துகொண்டது.

துப்பாக்கியில் குண்டைப் போட்டுக்கொண்டே ஆர்லோ கேட்டார். "ஆமா, அன்னிக்கு ரயில்காரன் நிஜமாவே ஹாரன் அடிச்சானா?"

"விடாம அடிச்சான்பா. வீட்டு வாசல்ல நின்ன எனக்கே கேட்டுச்சு" என்று மறுபடி அவர் காதருகே கத்தினாள்.

"பக்கத்து சீட்ல ஜூனி இருந்தாளே. அவ என்ன பண்ணா?"

"தாத்தா நிறுத்து, நிறுத்துன்னு தொண்ட கட்டிப்போற அளவுக்குக் கத்தியிருக்கா. வண்டி இரைச்சல்ல உங்களுக்கு அதுகூடக் கேக்கல."

"ஆறு வயசுப் பிள்ளைங்க எதுக்குத்தான் கத்தாது" என்று முனகியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மார்னிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேத்தியின் உயிரைவிட இவருக்கு வண்டி பெரிதாகப் போய்விட்டது.

படுத்தவர் நெளிந்தார். பையில் கைவிட்டுச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "இடுப்புல குத்துது. பிடி. குடுத்துட்டேன்னு கனவு காணாத."

பிறகு வெகுநேரம் அசையாமல் கிடந்தார். துப்பாக்கி வெடித்தது. மார்னி தொலைநோக்கியில் கண்ணைப் பதித்தாள்.

தகட்டில் காலையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் அப்படியே இருந்தது. தகட்டுக்கு இரண்டு முழம் தள்ளி, பின்னால் இருந்த மண்மேட்டில் புழுதி எழுந்து அடங்கியது.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. நூலிழையில் தப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, இவ்வளவு தள்ளியா? காதோடு கண்ணும் போய்விட்டதா?

அவர் துப்பாக்கிக் கட்டையிலிருந்து கன்னத்தை எடுக்காமல், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி அவள் கைக்காகக் காத்துக் கிடந்தார். இந்த மனிதருக்கு மிச்சமிருந்த பெருமை அந்தக் கண் ஒன்றுதான். அதையும் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. சாவிக்கு வேறு ஏதாவது வழி பார்த்துக்கொள்ளலாம்.

முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அடுத்த தட்டைத் தட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆர்லோ மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவள் முகத்தையே பார்த்தார்.

"மண்மேட்டப் பாத்துத்தாம்மா சுட்டேன். வண்டிய இனி நீயே ஓட்டு."