மெயின் ஃபியூஸ்

"உங்க தம்பி ஓடிப்போயிட்டான்!"

செல்போனை ஆஸ்பத்திரிக் கட்டில் மேல் வீசினாள் மனைவி.

தலையணையில் சாய்ந்திருந்த எலெக்ட்ரீஷியன் நிமிர்ந்தார். கல்லீரலில் வந்த புற்றுநோய்க் கட்டி பழைய மருந்துகள் எதற்கும் மசியவில்லை. இன்று புது மருந்துச் சோதனையில் அவர் சேர வேண்டிய நாள். அந்த மருந்தைப் பத்து வருஷமாக ஆராய்ச்சிக்கூடத்தில் தவம் கிடந்து உருவாக்கியவன் அவருடைய ஒரே தம்பி.

"எங்கே ஓடிட்டான்?"

"ஆராய்ச்சிக் குழுவை விட்டே விலகிட்டானாம், போன வாரமே! ஏன்னு கேட்டா, 'அண்ணன் சேரட்டும் அண்ணி, என்னை எதுவும் கேக்காதீங்க'ன்னு போனை வெச்சுட்டான்."

"வேற வேலை ஏதாவது இருக்கும்."

"ஆமா, பெரிய வேலை! நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா பழி தன் தலையில விழக் கூடாதுன்னு நழுவிட்டான். செஞ்சவனுக்கே நம்பிக்கை இல்லாத மருந்து உங்களுக்கு எதுக்கு? கையெழுத்துப் போடாதீங்க. கிளம்புங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. பையில் துணிகளைத் திணிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா ஒப்புதல் படிவத்தோடு உள்ளே வந்தார்.

"மேடம், இந்த மருந்து என்னதான் செய்யும்? புரியற மாதிரி சொல்லுங்க" என்றாள் மனைவி, பையை விடாமல்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி பவர் ஹவுஸ் இருக்கும்மா. புற்றுநோய் செல்லுல இருக்கிற பவர் ஹவுஸை இந்த மருந்து முடக்கும். சக்தி கிடைக்காம அந்த செல் செத்துடும்."

"நல்ல செல்லுலயும் அது இருக்குமில்ல? அதையும் சேர்த்து அணைச்சுட்டா?"

"சரியான கேள்வி. புற்றுநோய் செல்லுல அதோட மின்னழுத்தம் கூடுதல். அதனால மருந்து அங்கேதான் அதிகமா போய்ச் சேரும். பக்கவிளைவே இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். கூடவே இருந்து கவனிச்சுக்குவோம்."

எலெக்ட்ரீஷியனுக்கு முகமெல்லாம் வெளிச்சம்.

"வோல்டேஜ் எங்கே ஜாஸ்தியோ அங்கே போய் மெயின் ஃபியூஸைப் பிடுங்குது! நான் ஒயரிங் பண்றதைப் பார்த்து வளர்ந்த தம்பியாச்சே, சும்மாவா?"

"அவன்தான் உங்களை அம்போன்னு விட்டுட்டுப் போயிட்டான்." அவள் குரல் உடைந்தது. "எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு இல்லை. அவன் போனாலும் மருந்து அவனோடதுதான். அவன் அரைகுறையா ஒரு வேலை செஞ்சு நான் பார்த்ததில்லை. கொடுங்க மேடம், போடுறேன்."

"இருங்க. கையெழுத்துக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேக்குற கேள்வி இது. உங்க நெருங்கின சொந்தம் யாராவது இந்த ஆராய்ச்சிக் குழுவுல இருக்காங்களா?"

மனைவி முந்திக்கொண்டாள். "இருந்தான். இப்ப இல்லை. அந்தக் கொடுமையைத்தானே இவ்வளவு நேரமாச் சொல்லிட்டிருக்கேன்!"

"இல்லைன்னாதாம்மா இவரைச் சேர்க்கவே முடியும். முடிவுல பாரபட்சம் வந்துடக் கூடாதுன்னு, குழுவுல இருக்கிறவங்களோட சொந்தக்காரங்களை நாங்க சேர்க்கிறதில்லை. அந்த விதியைக் கொண்டு வந்ததே உங்க கொழுந்தனார்தான்."

துணி திணித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"'சொல்லாதீங்க, தெரிஞ்சா அண்ணன் ஒத்துக்க மாட்டார்'னு என்கிட்ட கேட்டுக்கிட்டார். நீங்க மூட்டை கட்டுறதைப் பார்த்த பிறகு என்னால வாயை மூடிட்டு இருக்க முடியலை. போன வாரம் இவரோட ஸ்கேனைப் பார்த்துட்டு நேரா என் ரூமுக்குத்தான் வந்தார். 'எங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் உள்ளே இருக்க முடியும் மேடம். அண்ணன் இருக்கட்டும்'னார்."