அட்டையில் ஒரு வரி

"மனந்திரும்ப விரும்புறவங்க முன்னால வாங்க" என்று போதகர் அழைத்தார்.

மூப்பரும் எழுந்தார். முன்னால் போவதற்கு அல்ல. அவருக்கு எதற்கு அதெல்லாம்? முப்பது வருஷமாகச் சபைக்கு மூப்பர். முன்னால் வருகிறவர்கள் எழுதித் தரும் அட்டைகளை வாங்கி வைப்பதுதான் அவர் பொறுப்பு.

இன்று வெற்று அட்டைகளை மேடைப் படியில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று கடைசி வரிசைக்கு வந்தார். அங்கேதான் மைக் செட்காரர் தன் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்.

"பன்னெண்டு வருஷமா பார்க்கறேன். ஒரு தடவையாவது எழுந்து முன்னால போயிருக்கியா நீ?" மூப்பர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடிக்குரலில் கேட்டார்.

"நான் எழுந்தா சரிப்படாதுங்கய்யா."

"பெருமை! பாவின்னு ஒத்துக்க வாய் வரல."

"அதில்லைங்கய்யா. அவங்க அழுதுகிட்டே சொல்றதையெல்லாம் முன் மைக் இழுத்துடும். வீட்டு விஷயம், வெளிய சொல்ல முடியாத விஷயம்... எல்லாம் சபைக்கே கேட்டுடும். நான் இங்க இருந்து சத்தத்தைக் குறைச்சு வைக்கணும்." அவர் விரல் பெட்டியின் ஒலிக் குமிழை விட்டு அகலவில்லை.

"சாக்கு சொல்லாதே! சபைக்கு வர மாட்டேன்னு சொன்ன பெத்த பிள்ளையையே நாலு வருஷம் முன்ன வீட்டை விட்டு வெளியேத்தினவன் நான். உன்னை விடுவேனா? அடுத்த வாரம் வேற ஆளைப் போடறேன்."

மைக் செட்காரர் மேடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, கோபத்தை அப்புறம் வெச்சுக்கலாம். ஒரு நிமிஷம் அங்க பாருங்களேன்."

"பேச்சை மாத்தாதே!"

மூப்பர் திரும்பியும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

ஆராதனை முடிந்தது. அலுவலக அறையில் உட்கார்ந்து, எழுதி வந்த அட்டைகளைப் பிரித்தார். ஏழு பேர். பெயருக்குக் கீழே, 'உங்களை அழைத்து வந்தவர் யார்?' என்று ஒரு வரி உண்டு. மூப்பருக்குப் பிடித்த வரி. தன் பெயர் இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் பார்ப்பார்.

'மைக் செட்காரர். கடை ரேடியோவைச் சரிபண்ண வந்தவர், ரெண்டு மணி நேரம் என் கதையைக் கேட்டார்.'

'மைக் செட்காரர். எங்க அம்மா அடக்கத்துக்கு வந்த ஒரே வெளியாள்.'

மூன்றாவதும் அவரே. நான்காவதும் அவரே. மூப்பருக்கு முகம் சுண்டிப்போனது. தான் ஓர் அடி முன்னால் எடுத்து வைக்காத மனுஷன், ஒரு சபையையே அனுப்பி வைத்திருக்கிறான்!

ஏழாவது அட்டையை எடுத்ததும் கை நின்றது. அந்தக் கோணல் எழுத்தை அவருக்குத் தெரியும். கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

'அழைத்து வந்தவர்: மைக் செட்காரர்.'

'ஜெபிக்க வேண்டிய காரியம்: அப்பா என்னோட பேசணும்.'

அவர் முதுகைக் காட்டி நின்ற அந்த நேரத்தில்தான் மகன் முன்னால் முழங்காலில் இருந்திருக்கிறான். அப்பாவைப் பற்றி என்னவெல்லாம் சொல்லி அழுதானோ! சபையில் ஒருவர் காதிலும் ஒரு வார்த்தை விழவில்லை. அவர் திட்டத் திட்ட, அந்த மனுஷன் அவர் மானத்தைத்தான் விரலுக்குள் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜன்னல் வழியே பார்த்தார். மைக் செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான் மகன், அப்பா இருக்கும் அறை வாசலையே பார்த்தபடி.

மூப்பர் எழுந்தார். கதவு வரை போனவர், திரும்பி வந்து வெற்று அட்டை ஒன்றை எடுத்தார். முப்பது வருஷத்தில் முதல்முறையாக அதில் தன் பெயரை எழுதினார்.

'உங்களை அழைத்து வந்தவர் யார்?'

'மைக் செட்காரர்.'