வண்ணம் இல்லாத மோரிஸ்

எண்பத்து நாலில் ராஜபாளையத்தில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருந்தார் ஐயாதுரை. வேலை கேட்டு வந்த சிவனாண்டியின் நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சிலில் வரைந்த பழைய மோரிஸ் கார். ஒன்றுக்குக் கூரை இல்லை, இன்னொன்றுக்கு மீன் வால்.

"கோடு பிரமாதம்! ஏம்ல எதுக்கும் கலர் அடிக்கல?"

"அது காருக்காரவிய இஷ்டம்லா, அண்ணாச்சி."

ஐயாதுரை, திருகித் திருகிக் கலர் சேர்க்கும் ஒரு கியூபை நீட்டினார். "பக்கத்துக்கு ஒரு கலரா சேர்த்து நாளைக்குக் கொண்டா. சேர்ந்தா வேலை."

மறுநாள் சிவனாண்டி கொண்டுவந்த கியூபை ஐயாதுரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரியாத்தான இருக்கு!" என்று மனைவி சண்முகத்தாயிடம் காட்டினார்.

அவள் சிரித்துவிட்டாள். "ஸ்டிக்கரை உரிச்சுல்லா ஒட்டியிருக்கு! அதுலயும் சிவப்பும் பச்சையும் கலந்து கெடக்கு."

சிவனாண்டி தலைகுனிந்தான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், மதினி. பட்டாளத்துலயும் இதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புனாக."

நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"நில்லுங்க தம்பி. அவிய சரியா இருக்குன்னு சொன்னது காதுல விழலையா?"

சிவனாண்டி திரும்பிப் பார்த்தான்.

"பதினஞ்சு வருசமா இங்க பெயின்ட் கலக்குறது நான்தான்" என்றாள் சண்முகத்தாய்.

ஐயாதுரை முனகினார். "என்னைய மாதிரி இன்னொருத்தன் வந்துரக் கூடாதுன்னுதாம்ல பரீட்சையே வச்சேன்."

சண்முகத்தாய் நோட்டை வாங்கி, மீன் வால் காரின்மேல் 'கிளிப்பச்சை' என்று எழுதினாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க."