கூடுதலாக இரண்டு ஈயக்கட்டி

முதல் நாள் ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சியில் மூழ்கவே முடியாமல் தக்கை மாதிரி மிதந்த அருளப்பனைப் பார்த்து, மனைவி ரெஜினா படகிலிருந்து கைகொட்டிச் சிரித்தாள். அந்த ரோஷத்தில் மறுநாள், பயிற்சியாளருக்குத் தெரியாமல் ஆளை மூழ்கவைக்கும் இடுப்புப் பட்டையில் இரண்டு ஈயக்கட்டிகளைக் கூடுதலாகக் கோத்துக்கொண்டு கடலில் குதித்தார்.

கல்லைப் போல அடிக்குப் போய்ச் சேர்ந்தார். முழங்கால் மணலில் புதைந்தது. மேலே தூக்கிவிடும் காற்றுச் சட்டையை உப்பவைக்கும் பொத்தான் எங்கே என்பது பயத்தில் மறந்தே போயிற்று. காலை உதைத்தார், மணல்தான் கலங்கியது. நல்லவேளை, கை தானாகவே பட்டையின் கொக்கியைத் தேடிப் பிடித்து இழுத்தது. பட்டை கழன்று விழுந்தது. சொல்லிக்கொடுத்தபடி மூச்சை அடக்காமல் விட்டுக்கொண்டே மேலே வந்தார்.

"என்னங்க, இன்னைக்கும் மிதக்கிறீங்களே!"

"ஆமாடி," என்றார், வானத்தைப் பார்த்து மல்லாந்தபடியே. "சிரி. நல்லா சத்தமாச் சிரி."