அத்தா வாசிக்கச் சொல்லாத தாள்

மதியமே மேகம் மலைமேல் இருக்கும் கடைக்குள் இறங்கிப் பேரிக்காய்க் கூடைகளை நனைக்கிறது. இப்ராம்சா ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்குகிறார். மகள் ஜஹனாரா நீட்டியிருப்பது, மதுரைக் கல்லூரியை விட்டு மெட்ராஸ் கல்லூரிக்கு மாறிப்போகும் விண்ணப்பம். அத்தாவிடம் உதவித்தொகை விண்ணப்பம் என்று பொய் சொல்லியிருக்கிறாள். லாரிச் சீட்டைக்கூட இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகே கையெழுத்துப் போடும் மனிதர், இன்று எதையும் கேட்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இருந்தும் மெட்ராஸ் என்று அவள் எழுதிய இடத்தை அவளது உள்ளங்கை மூடியே இருக்கிறது. பிஸ்மில்லா சொல்லி, எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதுகிறார். “சனிக்கிழமை வழக்கம்போல வெரசா வந்துருவேல்லம்மா?” அவள் தலையாட்டுகிறாள். “இந்தப் பனியில மை காயாது, கைய எடும்மா” என்று அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, குனிந்து, மெட்ராஸின் மேலும் சேர்த்தே ஊதுகிறார் அத்தா.